சொதப்பல் கட்டம்

எனக்கு மெமோ கொண்டுவந்து கொடுத்தது என் சொந்த அக்கா. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். கையெழுத்து என்னவோ பள்ளி நிர்வாகியுடையதுதான், ஆனால் நீட்டிய கை அக்காவுடையது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் மொழிப்பாடம் எடுக்கிறோம். அவள் துறைத் தலைவி. நான் அவளுக்குக் கீழே இருக்கும் ஆறு பேரில் ஒருத்தி. குடியிருப்பதும் அப்படியே, மாடியில் அவள், கீழே நான்.

ஆசிரியர் அறையில் என்னை மிளகாய் என்பார்கள். எனக்குத் தெரியாது என்று அவர்களுக்கு நினைப்பு. தெரிந்தும் நான் சும்மா இருப்பதற்குக் காரணம், அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருக்கிறது.

எல்லாம் ஒரு பட்டியலால் வந்த வினை. ஐந்து வருடத்துக்கு முன்னால் ஆறாம் வகுப்புக்குக் கேட்டல் பயிற்சி எடுக்க வேண்டும் என்று மேலிடத்தில் சொன்னார்கள். எதைக் கேட்க வைப்பது என்று மட்டும் சொல்லவில்லை. பாடப்புத்தகத்தோடு வந்த குறுந்தட்டைப் போட்டால் கீச்சுக் கீச்சென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சரியென்று இணையத்தில் தேடினேன். இணையத்தில் எல்லாம் இருக்கிறது என்பார்கள். இருக்கிறது, குப்பையோடு குப்பையாக. நூறு பக்கம் புரட்டினால் உருப்படியாக ஒன்று கிடைக்கும். அந்த ஒன்றை மறுநாள் மறந்துவிடுவேன். அதனால் எழுதி வைக்க ஆரம்பித்தேன். ஒரு வரிசைக்கு ஐந்து கட்டம். இணைப்பு, எந்த வகுப்புக்கு, எத்தனை நிமிடம், போட்டவரிடம் அனுமதி கேட்டாயிற்றா, கடைசியாகச் சொதப்பல்.

அந்தக் கடைசிக் கட்டம்தான் பட்டியலின் உயிர். ஒரு பாடம் நன்றாக இருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் அது எங்கே கவிழும் என்பது கவிழ்ந்தவளுக்குத்தான் தெரியும். பட்டியலை எல்லாருக்கும் திறந்துவிட்டபோது ஒரே ஒரு சட்டம் போட்டேன். இங்கிருந்து ஒன்றை எடுத்தால், அதை வகுப்பில் போட்டு எங்கே சொதப்பியது என்று எழுதிவிட்டுப் போக வேண்டும். 'அருமை', 'பயனுள்ள பதிவு', கும்பிடு போடும் கை, இதையெல்லாம் பார்த்த இடத்தில் அழித்துவிடுவேன்.

சொதப்பல்கள் வந்து குவிந்தன. 'படத்தாளைக் கறுப்பு வெள்ளையில் அச்சடிக்காதீர்கள். கிளியும் காக்கையும் ஒன்றாகிவிடும்' என்று ஒருவர். 'பாட்டுப் பாடுகிறவரின் மீசையைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்துச் சத்தத்தை மட்டும் போடவும்' என்று இன்னொருவர். ஒரு வினாடி வினாத் தளத்தில் பதில் சரியாக இருந்தால் கைதட்டல் கேட்கும், தப்பாக இருந்தால் நாய் குரைக்கும். 'வகுப்பு முழுக்க வேண்டுமென்றே தப்புத் தப்பாகப் பதில் சொன்னது. கடைசியில் நானும் ஒரு தடவை குரைக்க வைத்துப் பார்த்தேன்.' இதை எழுதியவர் தன்னை 'இரண்டாம் ஷிப்ட்' என்று சொல்லிக்கொண்டார். இங்கே யாரும் சொந்தப் பெயரில் வருவதில்லை. சொந்தப் பெயரில் யார் தன் சொதப்பலை ஒத்துக்கொள்வார்கள்?

இவர்களில் எனக்கு மிகவும் வேண்டியவர் 'ஒற்றை அறை'. நேரில் பார்த்ததில்லை. எங்கே இருக்கிறார் என்றும் தெரியாது. ஒரே அறையில் ஐந்து வகுப்பு, பதினோரு பிள்ளைகள், ஒரு ஆசிரியை, ஒரு கைபேசி. பட்டியலில் இருப்பதில் பாதியை அவர் போட்டுப் பார்த்திருப்பார். பள்ளிக்குப் புத்தகம் வராமல் போன ஒரு வருடம் முழுக்க இந்தப் பட்டியலை வைத்தே ஓட்டினேன் என்று ஒருமுறை எழுதினார். அதைப் படித்துவிட்டுப் பேருந்தில் நான் அழுதேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.

இப்போது அக்காவின் கதைக்கு வருகிறேன். ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது மாடியிலிருந்து இறங்கி வந்தாள். கையில் ஒரு தாள் இருந்தது. துவைத்த துணியில் பாதியைத் தன் பக்கம் இழுத்து மடிக்க ஆரம்பித்தாள். கேட்காமலே உதவி செய்கிறாள் என்றால் பெரிதாக ஏதோ கேட்கப் போகிறாள் என்று எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து தெரியும்.

"என்ன வேணும், நேரா சொல்லு" என்றேன்.

"உன் லிஸ்ட் நம்ம நிர்வாகிக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு."

"அவர் எப்ப மொழிப்பாடம் எடுத்தார்?"

"கிண்டல் பண்ணாதே. செயலி பண்றவங்க சில பேர் வந்திருக்காங்க. நம்ம ஸ்கூல் பேர்ல ஒரு நூலகம் மாதிரி போடப் போறாங்க. உன் லிஸ்ட் அப்படியே அதுல போயிடும். உன் பேரும் வரும்டி, சின்னதா, கீழே."

"யாரு வேணாலும் பாக்கலாமா?"

அக்கா ஒரு தலையணை உறையை இரண்டாவது தடவையாக மடித்தாள். "நம்ம பிள்ளைங்க பாக்கலாம். வெளியில இருக்கிறவங்க சந்தா கட்டிப் பாக்கலாம். திறந்து வச்சிருக்கியே, அதை மட்டும் மூடணும். சும்மா கிடைக்கிறதை யார் காசு கொடுத்து வாங்குவாங்கன்னு கேக்கறாங்க. அப்புறம் அந்தச் சொதப்பல் வேணாமாம். ஸ்கூல் பேர்ல போறப்ப நாய் குரைச்சது, கிளி காக்கா ஆச்சுன்னு இருந்தா நல்லாவா இருக்கும்?"

தாளை நீட்டினாள். பட்டியல் பள்ளியின் வேலை நேரத்தில், பள்ளியின் வசதிகளைக் கொண்டு உருவாக்கப்பட்டது, ஆகவே பள்ளியின் உடைமை என்று எழுதி, கீழே என் கையெழுத்துக்கு ஒரு கோடு போட்டிருந்தது. கோடு மட்டும் நல்ல நேராக இருந்தது.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. "வேலை நேரத்துலயா? பல் டாக்டர்கிட்ட காத்திருந்தப்ப பண்ணினது, பஸ்ல பண்ணினது. என் கல்யாண நாள் அன்னிக்குக்கூட ஒரு மணி நேரம் உக்காந்து பண்ணினது. உனக்கே தெரியும்!"

"தெரியும். யாரு இல்லேன்னா? ஒரு கையெழுத்துதானே." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அடுத்த மாசம் துணைத் தலைமை ஆசிரியர் பதவிக்கு என் பேரு போகுது. நீ முறுக்கிக்கிட்டு நின்னா, என் துறையிலயே என் பேச்சு எடுபடலைன்னு ஆயிடும்."

அவள் இருபத்து நான்கு வருடமாக அதற்காக உழைத்திருக்கிறாள். அதுவும் எனக்குத் தெரியும். இருந்தாலும் முடியாது என்றேன், ஏனென்றால் நான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

பட்டியலில் எண்பத்தெட்டாம் வரிசை ஒரு அம்மாளுடையது. ஓய்வு பெற்ற நர்ஸ். தன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து கதை சொல்லிப் பதிவு செய்து போடுவார். மற்ற அறைகளில் மின்விசிறி கடகடவென்று ஆடுமாம். பதிவில் அடிக்கடி குக்கர் விசில் அடிக்கும். அதனால் பட்டியலில் அவர் பெயரே குக்கர் அம்மா ஆகிவிட்டது. அனுமதி கேட்டு எழுதியபோது அவர் அனுப்பிய பதில் இன்னும் என்னிடம் இருக்கிறது. 'தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். கதவை மட்டும் சாத்தாதீர்கள். என் கதையைக் கேட்க ஒரு பிள்ளையும் பெயரைப் பதியக் கூடாது, பணமும் கட்டக் கூடாது.' நான் அன்றைக்கே எழுதினேன். 'சாத்த மாட்டேன். இது என் வாக்கு.' இதே வாக்கை அப்படியே எடுத்து இன்னும் முந்நூறு பேருக்கு அனுப்பியிருக்கிறேன். அனுமதி என்ற கட்டத்தில் 'சரி' என்று இருக்கும் ஒவ்வொரு இடத்திலும் அந்த வாக்கு இருக்கிறது.

இதையெல்லாம் சொன்னேன். அக்கா தாளை மடித்து எடுத்துக்கொண்டு படியேறிப் போனாள். மடித்த துணியைக் கலைக்காமல் விட்டுவிட்டுப் போனாள் என்பதே எனக்கு ஆறுதலாக இருந்தது.

என் கையெழுத்து இல்லாமலே வேலை நடந்தது என்பது வெள்ளிக்கிழமை காலையில்தான் தெரிந்தது. அக்கா பட்டியலைப் பிரதி எடுத்துக் கொடுத்திருந்தாள். திறந்து கிடப்பதைப் பிரதி எடுக்க யாருக்கும் தடை இல்லை, அது என் சட்டமேதான். சொதப்பலைப் பிரதியிலிருந்து நீக்கிவிட்டாளாம். அன்று பதினோரு மணிக்குச் செயலிக்காரர்களும் பெற்றோர் நான்கு பேரும் பார்க்க, ஆறாம் வகுப்புக்கு அக்கா மாதிரிப் பாடம் எடுக்கப் போகிறாள். துறையில் எல்லாரும் வந்து கடைசி வரிசையில் உட்கார வேண்டும் என்று சுற்றறிக்கை.

உட்கார்ந்தேன். கூடத்தில் புதிதாகத் தரை துடைத்த வாசனை. பிள்ளைகளை உயர வாரியாக உட்கார வைத்திருந்தார்கள். முதல் வரிசையில் நிர்வாகி, பக்கத்தில் செயலிக்காரர், இஸ்திரி கலையாத சட்டை. அக்கா நல்ல புடவை கட்டியிருந்தாள். திரையில் இன்றைய பாடம் என்று வந்தது. எண்பத்தெட்டு. குக்கர் அம்மாவின் கதை, மணி அடிக்காத சைக்கிள், ஏழு நிமிடம்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த வரிசையின் கடைசிக் கட்டத்தில் நானே எழுதியிருந்தேன். 'நான்காம் நிமிடத்தில் குக்கர் மூன்று விசில் அடிக்கும். வகுப்பு முழுக்க விசிலடிக்கும், அடங்கவே அடங்காது. அதற்கு முன்னால் நிறுத்திவிடவும்.' அதைத்தான் வேண்டாம் என்று நீக்கிவிட்டார்களே.

எழுந்து போய் அக்காவின் காதில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நேரம் இருந்தது. சொல்லவில்லை. உண்மையைச் சொல்கிறேன், படட்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். என் கூடப் பிறந்தவள் நாலு பேருக்கு முன்னால் அவமானப்படப் போகிறாள் என்று தெரிந்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருக்கிறது.

நான்காம் நிமிடம் வந்தது. சைக்கிள் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. விசில். இரண்டாவது விசிலுக்குள் மூன்றாம் வரிசையில் ஒருவன் பதில் விசில் கொடுத்தான். மூன்றாவது விசிலுக்கு நாற்பது வாய்கள். நிர்வாகியின் முகத்தில் ஈயாடவில்லை. பெற்றோரில் ஒருவர் சிரிப்பை அடக்கக் கைக்குட்டையைத் தேடினார். அக்கா பதிவை நிறுத்திவிட்டு நின்றாள். அவளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்பது கடைசி வரிசை வரைக்கும் தெரிந்தது. அதற்கு மேல் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்தேன்.

அதற்குள் அக்கா மேசையை ஒரு தட்டுத் தட்டினாள். "சரி, எல்லாரும் நல்லா விசிலடிக்கிறீங்க. இப்ப ஒண்ணு கேக்கறேன். உங்க வீட்ல குக்கர் விசிலடிச்சா யாரு எழுந்து போவாங்க?"

நான் அப்படியே நின்றுவிட்டேன். அது ஒற்றை அறையின் கேள்வி. எண்பத்தெட்டாம் வரிசையில் என் குறிப்புக்குக் கீழே அவர் எழுதியது. 'நிறுத்த மறந்துவிட்டேன். ஐந்து வகுப்பும் விசிலடித்தன. அடக்க முடியாமல், விசில் கேட்டால் உங்கள் வீட்டில் யார் எழுந்து போவார்கள் என்று கேட்டுவைத்தேன். இந்த வருடம் வாயே திறக்காத பிள்ளை பேசியது. மணி அடித்த பிறகும் பேசியது.'

விசில் சத்தம் நின்றது. பிறகு ஒரு பெண், "எங்க வீட்ல அப்பாதான் டீச்சர் போவாரு. அம்மாவுக்குக் காலையிலயே வேலை" என்றாள். "எங்க வீட்ல யாருமே போக மாட்டாங்க, அம்மா கத்துவாங்க, அப்புறம் அம்மாவே போவாங்க" என்றது இன்னொன்று. ஜன்னலோரத்தில் இருந்த ஒருத்தி, நான் இரண்டு வருடம் பாடம் எடுத்தும் குரல் கேட்டிராதவள், எழுந்து நின்றாள். "நான்தான் போவேன். ரெண்டு விசில்னா தீயைக் குறைக்கணும். மூணுன்னா அணைக்கணும். ஒரு நாள் எண்ணிக்கை விட்டுப்போச்சு." அப்புறம் என்ன ஆயிற்று என்று நிர்வாகியே கேட்டார். அவள் சொன்னாள். எட்டு நிமிடம் சொன்னாள். கூடம் முழுக்க வாயைப் பிளந்து கேட்டது.

எல்லாம் முடிந்து பிள்ளைகள் போன பிறகு செயலிக்காரர் எழுந்து வந்து கைதட்டினார். "மேடம், அந்த விசில் கேள்வி பிரமாதம். அது நீங்க கொடுத்ததுல எந்தப் பக்கத்துல இருக்கு?"

"எந்தப் பக்கத்துலயும் இல்ல. நீங்க வேணாம்னு சொன்னீங்களே, அந்தச் சொதப்பல்ல இருந்துச்சு" என்றாள் அக்கா.

"அழிச்சிட்டீங்களே, எப்படி ஞாபகம் வச்சிருந்தீங்க?"

அக்கா என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தாள். "ஒண்ணொண்ணா அழிச்சேன். மொத்தமா எடுக்க எனக்குத் தெரியாது. அறுநூத்திப் பன்னண்டு கட்டம், மூணு நாள் ஆச்சு. அழிக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் படிச்சேன். விசில் அடிச்சப்பறம்தான் இது அந்த வரிசைன்னு ஞாபகம் வந்துச்சு."

நான் சிரித்திருக்க வேண்டும். ஒரு சொடுக்கில் அந்தக் கட்டத்தை மேலிருந்து கீழ்வரை மொத்தமாகத் தூக்கிவிடலாம், எங்கள் துறைத் தலைவிக்கு அது தெரியவில்லை. மூன்று நாள் மாடியில் உட்கார்ந்து, ஊர்பேர் தெரியாத ஆசிரியர்களின் தோல்வியை எல்லாம் ஒவ்வொன்றாகப் படித்திருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அத்தோடு முடிந்திருந்தால் நல்லதாகப் போயிருக்கும். ஆனால் நல்லது நடந்தால் அதற்கும் ஒரு பூட்டைத் தேடுவது நிர்வாகியின் சுபாவம். "அப்ப அந்தச் சொதப்பலையும் சேர்த்துடலாமே" என்றார் உற்சாகமாக. "பேரை மட்டும் மாத்திடுங்க. அனுபவக் குறிப்புகள்னு வைங்க. வெளியில திறந்திருக்கிறதை வர்ற திங்கட்கிழமைக்குள்ள மூடிடுங்க, டீச்சர்."

"மூட முடியாது, சார்" என்றேன்.

வெட்டு ஒன்று துண்டு இரண்டாகத்தான் சொன்னேன். விருந்தாளிகள் முன்னால் சொன்னேன் என்பதுதான் பெரிய குற்றமாகிவிட்டது.

"டீச்சர், நீங்க இந்த ஸ்கூல்ல சம்பளம் வாங்கறீங்க."

"வகுப்பு எடுக்கிறதுக்கு வாங்கறேன். எடுக்கறேன். இந்தப் பட்டியல் பல் டாக்டர் வாசல்ல உக்காந்து எழுதினது. அந்தப் பல்லும் ஸ்கூலுக்குச் சொந்தமா?"

யாரோ கனைத்தார்கள். நான் நிறுத்தவில்லை. வாய் திறந்தால் எனக்கு மூடத் தெரியாது. "இதுல இருக்கிற ஒரு கதைகூட என்னோடது இல்ல. சொன்னவங்க சும்மா கொடுத்தாங்க, கதவைச் சாத்தாதேன்னு சொல்லிக் கொடுத்தாங்க. உங்களுக்கு இந்தச் சொதப்பல் வேணும்னா எடுத்துக்கோங்க, பிரதி எடுங்க, சுவத்துல ஒட்டுங்க, நான் கேக்கவே மாட்டேன். ஆனா இன்னைக்கு உங்களைக் கைதட்ட வச்ச கேள்வியைக் கேட்டது ஒரே ஒரு ரூம் இருக்கிற ஸ்கூல்ல இருக்கிற ஒரு டீச்சர். அவங்களை வெளியில நிறுத்திட்டு உள்ளே தாழ்ப்பாள் போடச் சொல்றீங்க. அது என்னால ஆகாது."

அன்று சாயங்காலம்தான் மெமோ வந்தது. அக்கா என் வீட்டுக் கதவைத் தட்டிக் கொடுத்தாள், உள்ளே வரவில்லை. நிர்வாகத்தின் அறிவுறுத்தலை மீறியமைக்காகத் தங்களை ஏன் பணியிலிருந்து நீக்கக் கூடாது என்பதற்கு மூன்று வேலை நாட்களுக்குள் எழுத்து மூலம் விளக்கம் அளிக்கவும். விளக்கத்தைத் துறைத் தலைவியின் குறிப்புடன் அனுப்பவும்.

என் வீட்டுக்காரர் லாரிப் பட்டறையில் எலக்ட்ரீஷியன். மெமோவை இரண்டு தடவை படித்தார். "சாப்பாட்டுக்கு நான் பாத்துக்கறேன். சண்டையை நீ பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். இதற்காகத்தான் அவரைக் கட்டிக்கொண்டேன்.

விளக்கம் எழுத உட்கார்ந்தேன். நான்கு தாள் கிழித்தேன். முதல் தாளில் கோபம், இரண்டாவதில் அழுகை, மூன்றாவதிலும் நான்காவதிலும் மறுபடி கோபம். உண்மையில் எனக்குப் பயமாகவும் இருந்தது. பதினெட்டு வருடம் போன ஒரு வாசலில் இனிமேல் நுழைய முடியாது என்றால் காலையில் எழுந்து நான் எங்கே போவேன்? கரும்பலகைக்கு முன்னால் நிற்காத என்னை எனக்கே தெரியாது. ஆறிப்போன தேநீரோடு மெமோவைத் திரும்பப் படித்தபோதுதான் தோன்றியது, இது ஒரு நல்ல பாடப்பொருள்.

பள்ளியின் பெயரையும் கையெழுத்தையும் என் பெயரையும் மறைத்துவிட்டுப் படம் பிடித்துப் பட்டியலில் போட்டேன். வரிசை அறுநூற்றுப் பதின்மூன்று. அலுவலகக் கடிதம். எல்லா வகுப்புக்கும். நாற்பது நிமிடம். அனுமதி: எனக்கே வந்தது, யாரையும் கேட்க வேண்டியதில்லை. செய்ய வேண்டியது: இந்தக் கடிதத்தை வாங்கிய ஆசிரியை, எல்லாப் பிள்ளைகளுக்கும் பாடங்களைத் திறந்து வைத்தவர், மூடச் சொன்னார்கள், மூடவில்லை, அவருக்காகப் பதில் எழுதவும். சொதப்பல்: என்னாலேயே எழுத முடியவில்லை.

சனிக்கிழமை காலை மாடியிலிருந்து அக்கா கைபேசியில் கூப்பிட்டாள். இருபது படி இறங்கினால் என் வீடு. "உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா? மெமோவைக் கொண்டுபோய்ப் பாடத்துல போட்டிருக்கே!"

"நீ எதுக்கு என் லிஸ்டைப் பாக்கறே?"

டக்கென்று கைபேசியை வைத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமைக்குள் பத்தொன்பது பள்ளிகளில் அந்தக் கடிதத்தைப் பாடமாக எடுத்துவிட்டார்கள். இரண்டாம் ஷிப்ட் எழுதினார். 'சொதப்பல்: பிள்ளைகள் கடிதத்தைத் திருத்தி மதிப்பெண் போட்டுவிட்டார்கள். பத்துக்கு மூன்று. வணக்கம் இல்லாததற்கு இரண்டு மதிப்பெண் குறைவு.' அன்று மதியம் ஒற்றை அறையிலிருந்து பதினோரு படங்கள் வந்தன. பதினோரு பிள்ளைகளும் எழுதியிருந்தார்கள், எழுதப் பழகும் முதல் வகுப்புப் பிள்ளை உட்பட. ஒன்று, மூன்று நாள் போதாது, எங்கள் டீச்சர் எங்களுக்கே ஒரு வாரம் கொடுப்பார் என்றது. ஒன்று, நீங்களும் கதை கேளுங்கள் ஐயா, கோபம் போய்விடும் என்றது. முதல் வகுப்பு ஒரு சைக்கிள் வரைந்திருந்தது. ஏழாவதைப் படித்துவிட்டு நான் கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். பிறகு எடுத்து மறுபடி படித்தேன்.

கீழே ஒற்றை அறை தன் சொதப்பலைப் போட்டிருந்தார். 'கையெழுத்துப் போடச் சொல்ல மறந்துவிட்டேன். ஏழாவதை எழுதியது யார் என்று கேட்டால் ஒருவரும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள்.'

புதன்கிழமை கடைசி நாள். பதினோரு கடிதங்களையும் அச்சடித்தேன். மேலே ஒரு தாள் வைத்து, 'விளக்கம்: இணைப்பில் காண்க. பட்டியல் திறந்தே இருக்கும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, மூலையில் ஊசி குத்தி, இடைவேளையில் அக்காவின் அறைக்குப் போனேன். அவள் குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் அது உள்ளே போகும். மேசையில் திருத்தாத நோட்டுகள் மலையாகக் கிடந்தன. துணைத் தலைமை ஆசிரியர் பதவிக்கான விண்ணப்பம் மேசைக் கண்ணாடிக்கு அடியில் தெரிந்தது.

"என்ன எழுதணுமோ எழுதிக்கோ. உன் நிலைமை எனக்குத் தெரியும். நான் தப்பா நினைக்க மாட்டேன்" என்றேன். பொய். நினைத்திருப்பேன், ஆயுசு முழுக்க.

அக்கா ஒவ்வொன்றாகப் புரட்டினாள். சைக்கிள் படத்தில் கொஞ்சம் நின்றாள். ஏழாவது பென்சிலில் எழுதியது, கோடு கீழ்நோக்கி இறங்கிக்கொண்டே போகும். அக்கா அதை வாய்விட்டுப் படித்தாள், வகுப்பில் படிப்பது போல.

"மதிப்பிற்குரிய ஐயா, அந்த டீச்சர் உங்களுக்கு வேண்டாம் என்றால் எங்களிடம் அனுப்பிவிடுங்கள். எங்களுக்கு ஒரே ஒரு அறைதான். ஆனால் இடம் இருக்கிறது. நான் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொள்வேன்."

இடைவேளை முடிந்து மணி அடித்தது. வராந்தாவில் பிள்ளைகள் ஓடும் சத்தம் கேட்டு ஓய்ந்தது. அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டாள். மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த விண்ணப்பத்தைப் பார்த்தாள், பேனாவை எடுத்தாள். துறைத் தலைவியின் குறிப்பு என்ற இடத்தில் இரண்டே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, முத்திரையும் குத்தினாள்.

தாளை என் பக்கம் திருப்பினாள். 'அனுப்ப இயலாது. இவர் எங்களுக்கும் வேண்டும்' என்று இருந்தது.

"வா" என்றாள். அந்தத் தாள்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எனக்கு முன்னால் வராந்தாவில் நடந்தாள். நிர்வாகியின் அறை வாசலில் நான் தட்டுவதற்குக் கையை ஓங்கினேன். அவள் காத்திருக்கவில்லை, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.